குடை நிழலில் சாம்பல் நிறம்

அண்ணி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தையல்காரி இருக்கிறாள். அவளுடைய ஓரகத்தியின் மாமா ஒருவர் வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவராம். ஒருநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, ஏன் இன்னும் யாரும் லைட் போடவில்லை என்று கேட்டாராம். லைட் எரிந்துகொண்டுதான் இருந்ததாம்.

அந்த மாமாவை அண்ணி பார்த்ததில்லை. தையல்காரியும் பார்த்ததில்லை. ஆனாலும் கதை தொலைபேசி வழியாகக் கலர் அக்காவின் காதுக்கு வந்து சேர்ந்தபோது, அன்று காலை அவர் போட்டிருந்த பனியனின் கிழிசல்கூட அதில் இருந்தது.

"நீயும் அந்த வெள்ளை மாத்திரைதானே போடறே? சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்" என்றாள் அண்ணி.

கலர் அக்கா சிரித்தாள். கண்தான் தனக்குச் சோறு போடுகிறது, அதற்கு ஒரு குறையும் இல்லை என்று பூசி மெழுகினாள். போனை வைத்த பிறகுதான் சிரிப்பு நின்றது. ஏனென்றால், குறை இருந்தது. யாரிடமும் சொல்லாத குறை.

அவள் வேலை செய்வது அடிபட்ட கார்களைச் சரிசெய்யும் பட்டறையில். நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசித் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுப்பார்கள். அந்தக் கதவுக்குப் பக்கத்துக் கதவின் நிறத்தை அச்சு அசலாகக் கலந்து தருவது அவள் வேலை. எந்தக் காருக்கு எந்தச் சாயம் எவ்வளவு என்று கணினி சொல்லிவிடும். ஆனால் கணினிக்குத் தெரிந்தது கம்பெனியிலிருந்து வெளியே வந்த அன்றைய நிறம். பட்டறைக்கு வருவதோ வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி, மரத்தடியில் பறவைகளிடம் மாட்டிக்கொண்டு, தன் நிறத்தில் பாதியை ஊருக்குத் தானம் செய்துவிட்டு நிற்கும் கார். மீதி நிறத்தைக் கண்டுபிடிக்கக் கண்தான் வேண்டும். அவள் ஒரு சொட்டு கறுப்பு விடுவாள், அரைச் சொட்டு மஞ்சள் விடுவாள், கலக்குவாள். சிறிய அட்டையில் அடித்து உலர்த்தி, வெயிலுக்குக் கொண்டுபோய்க் காரின் மேல் வைப்பாள். நேராக ஒரு பார்வை, சாய்ந்து ஒரு பார்வை. அட்டையின் விளிம்பு காருக்குள் கரைந்து காணாமல் போக வேண்டும். போகாவிட்டால் திரும்ப உள்ளே போய்க் கலக்குவாள்.

"எங்க கலர் அக்கா போட்ட கதவை அவங்களே மறுபடி வந்து தேடினாலும் கிடைக்காது" என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துக்கொள்வார்.

மாத்திரை வந்த கதை வேறு. சில வருடங்களுக்கு முன் காலும் முகமும் வீங்கிப் போய் ஆஸ்பத்திரியில் படுத்தாள். அவள் உடம்பின் காவல்காரனே வீட்டுக்காரனைத் திருடன் என்று நினைத்து அடிப்பதுபோல், எதிர்ப்புச் சக்தி சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்றார் கிட்னி டாக்டர். காவல்காரனை அடக்கி உட்காரவைக்கத்தான் ஸ்டீராய்டு. முதலில் நிறைய, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு சின்ன அளவில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறக்கினால் சிறுநீரகம் மறுபடி முரண்டு பிடித்தது. முகம் உருண்டையானது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், "எங்க வீட்டுல மட்டும் மாசம் பூரா பௌர்ணமி" என்று கிண்டல் செய்தார். அவளும் சிரித்துப் பழகிக்கொண்டாள்.

இந்த மாத்திரைக்குச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு ஒருமுறையாவது கண்ணையும் காட்டிவிடுங்கள் என்று டாக்டர் அப்போதே சொன்னார்தான். சர்க்கரை பார்க்க எப்படியும் ரத்தம் எடுக்கிறார்கள், அது நடந்துவிடும். கண் ஆஸ்பத்திரி வேறு பக்கம், வேறு பஸ். நாள் முழுவதும் கண்ணால்தானே வேலை செய்கிறோம், கெட்டுப் போனால் முதலில் நமக்குத்தானே தெரியும் என்று இருந்துவிட்டாள்.

தெரியத்தான் தெரிந்தது. வெயிலில் போய் நின்றால் அட்டையின் மேலும் காரின் மேலும் பாலாடை போல ஒன்று படர்ந்தது. பானெட்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணுக்குள் சிதறியது. எந்த நிறத்தை வைத்தாலும் விளிம்பு தானாகவே கரைந்துபோயிற்று. எது கரைய வேண்டும் என்று இத்தனை வருடம் பாடுபட்டாளோ, அது கேட்காமலே கரைந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. ஆனால் கூரைக்கு உள்ளே வந்துவிட்டால் எல்லாம் தெளிவாக இருந்தது. சரி, வெயிலுக்குத்தான் கண் கூசுகிறது என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். அட்டையை வெளியே கொண்டுபோவதை விட்டுவிட்டு, உள்ளே குழல்விளக்கின் கீழேயே வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

நிறம் கலக்கும் தொழிலில் இதைவிடப் பெரிய தப்பு இல்லை. குழல்விளக்கில் ஒன்றாக இருக்கும் இரண்டு நிறங்கள் சூரியனுக்கு முன்னால் போய் நின்றதும் ஒன்றையொன்று தெரியாது என்று சொல்லிவிடும். அவளுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

சாம்பல் நிறக் காரில் சாயம் வெளுத்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மேடத்தின் கார். டெலிவரி எடுத்துக்கொண்டு போன மேடம் மறுநாளே திரும்பி வந்தார். கோபமாகக்கூட இல்லை.

"உங்க ஷெட்டுக்குள்ள நிக்கறப்ப ஒரே காரு. ரோட்டுக்கு வந்தா ரெண்டு காரு. என் ஸ்டூடன்ட்ஸ் எந்தக் காருல ஏறணும்னு கேக்கறாங்க" என்றார்.

முதலாளி வெளியே போய்ப் பார்த்தார். புதுக் கதவு மட்டும் லேசாகப் பச்சை அடித்தது. ஸ்ப்ரே அடிப்பவனும் வந்து பார்த்தான். கையில் எப்போதும் ஸ்ப்ரே கன் இருப்பதால் பட்டறையில் அவன் பெயர் துப்பாக்கி. வாயும் அப்படித்தான் என்பார்கள். அன்று மட்டும் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, இதை வெயில்ல வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேனே."

துப்பாக்கி அவளை ஒரு நொடி பார்த்தான். பிறகு கதவைத் தேய்க்க உப்புக் காகிதம் எடுக்கப் போனான். அவள் வெளியே வரவில்லை என்பது அவனுக்குத் தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் காணாத மாமா கூடவே வந்தார். எதிரே வந்த பஸ்ஸின் கண்ணாடி வெயிலில் பளீரென்று அடித்தபோது, அவருடைய பனியன் கிழிசல்கூடத் தெரிந்த மாதிரி இருந்தது. கண் போனால் வேலை போகும். வேலை போனால் அவள் கலர் அக்கா இல்லை, வெறும் அக்கா. கெடுப்பது மாத்திரை, மாத்திரையை நிறுத்தினால் கெடுவது நின்றுவிடும். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. காதும் காதும் வைத்தாற்போல மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

ஆரம்பத்தில் பெரிய சாதனை செய்த மிதப்பில் திரிந்தாள். பிறகு காலையில் எழுந்திருக்கவே கை கால் வரவில்லை. குமட்டியது. குனிந்து நிமிர்ந்தால் பட்டறையே ஒரு சுற்றுச் சுற்றியது. கடைசியில், வழக்கமாக ஒரு கையால் தூக்கும் பெயின்ட் டப்பாவை இரண்டு கையாலும் தூக்க முடியாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலாளியே காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கணவர் வேலைச் சட்டையோடு, கையில் கிரீஸோடு, அங்கே ஓடி வந்தார்.

ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. கிட்னி டாக்டர் அம்மா அவள் முகத்தைப் பார்த்ததுமே, மாத்திரையை என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டார். அவள் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை, விளக்கினார். இத்தனை வருடம் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால், அந்தச் சுரப்பைத் தானாகச் செய்வதை அவள் உடம்பு ஏறக்குறைய மறந்துபோயிருக்கிறது. திடீரென்று வரத்து நின்றால் அது தடுமாறும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியும்.

"நிறுத்தணும்னா நான் நிறுத்தறேன், கொஞ்சம் கொஞ்சமா. நீங்களா நிறுத்தினா உடம்பு நின்னுடும்" என்றார். பிறகு, "கண் டாக்டர்கிட்ட எப்ப போனீங்க?" என்று கேட்டார்.

போகவே இல்லை என்று அவள் சொல்வதற்குள் கணவர் பக்கம் அனல் அடித்தது. டாக்டர் வெளியே போகும் வரை பொறுத்திருந்தார் மனிதர்.

"லிஃப்ட் நடுவுல நின்னா கயிறை அறுத்துக்கிட்டா இறங்குவே? அலாரம்னு ஒண்ணு வச்சிருக்கே, அதை அமுக்க மாட்டியா?"

"யாரை அமுக்கறது?"

"என்னைத்தான். நான் எதுக்கு இருக்கேன், அலங்காரத்துக்கா?"

கிரீஸ் கையோடு அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நெற்றியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

உடம்பு தேறியதும் கண் ஆஸ்பத்திரி. மோவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, வெளிச்சத்தைப் பாருங்கள், இமைக்காதீர்கள் என்றார்கள். ஒவ்வொரு கருவியாக மாறி மாறி உட்கார்ந்தாள். கண் டாக்டர் சின்ன வயதுக்காரர், நிதானமாகப் பேசினார். கண்ணில் இரண்டு பிரச்சினை, இரண்டுக்கும் ஸ்டீராய்டு காரணமாக இருக்கலாம் என்றார். ஒன்று, கண்ணின் லென்ஸில் பின்பக்கமாக, சரியாக நடுவில், புரை விழுந்திருக்கிறது. வெயிலில் கண்மணி சுருங்கும். சுருங்கிய அந்தச் சின்ன வழியின் நட்டநடுவில் அழுக்கு உட்கார்ந்திருந்தால் எதுவும் தெரியாது. நிழலில் கண்மணி விரியும்; அழுக்கைச் சுற்றிக்கொண்டு வெளிச்சம் உள்ளே வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். அவள் இத்தனை மாதம் ஒளித்துவைத்த ரகசியத்தை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

இரண்டாவதுதான் அவரைக் கவலைப்படுத்தியது. கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறியிருந்தது. அது வலிக்காது, காட்டிக்கொடுக்காது. பார்வை நரம்பை மட்டும் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கும்.

அவள் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டாள். "ஒருநாள் காலைல எழுந்தா ஒரேயடியா இருட்டா இருக்குமா டாக்டர்?"

"இது அப்படி ஒரே நாள்ல வர்றதில்லம்மா. பாக்காமலே விட்டா ஓரத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா போகும். போனது திரும்பாது. உங்களுக்கு இன்னும் பெருசா எதுவும் போகல. நல்ல நேரத்துல வந்துட்டீங்க."

"நான் கலர் பாக்கணும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, என்ன வேலை என்று விசாரித்தார். அட்டை, விளிம்பு, வெயில் எல்லாவற்றையும் சொன்னாள். புரையை எடுத்துப் புது லென்ஸ் வைத்தால் வெயிலில் மறுபடி பார்க்கலாம், அதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். ஆனால் முதலில் சொட்டு மருந்தால் அழுத்தம் இறங்க வேண்டும்; கிட்னி டாக்டரும் சரி என்று சொல்ல வேண்டும். இரண்டும் நடந்தால்தான் ஆபரேஷன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அந்த மாமாவை நினைத்துக்கொண்டாள். அவர் கடைசியாகக் கண் டாக்டரிடம் எப்போது போனார் என்று கதையில் யாருமே கேட்கவில்லையே.

வீட்டில் சொட்டு மருந்துப் படலம் தொடங்கியது. அவளாகவே விட்டுக்கொண்டால் முதல் சொட்டு கன்னத்தில், இரண்டாவது காதில், மூன்றாவதுதான் கண்ணில். நேரம் தவறக்கூடாது, வீணாக்கவும் கூடாது. கணவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். அவளைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, கீழிமையை இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சொட்டு விடுவார். விட்டதும் கண்ணை மூடிக்கொண்டு மூக்கோரம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும், மருந்து தொண்டைக்கு இறங்கிவிடாமல் இருக்க. அப்போது அவள் பேசக்கூடாது என்று அவராக ஒரு சட்டம் சேர்த்துக்கொண்டார். டாக்டர் அப்படிச் சொன்னாரா என்று அவள் பிற்பாடு விசாரித்தாள், சொல்லவில்லை.

மாடிப்படிகளின் ஓரத்தில் மஞ்சள் டேப் ஒட்டினார், லிஃப்ட் வாசலில் ஒட்டுவதுபோல. அடுப்பு மேடைக்கு எதிரே இருந்த ஜன்னலுக்குக் கெட்டியான திரை வந்தது. வெளியே போகும்போது அகல விளிம்புத் தொப்பி. அதைப் போட்டால் தான் நடமாடும் காளான் மாதிரி இருப்பதாக அவளே சொல்லிக்கொண்டாள். அடுத்தவர் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது நல்லது.

பட்டறையில் உண்மையைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. முதலாளி முழுவதையும் கேட்டார். பாலிஷ் பக்கம் அனுப்பப் போகிறார், இல்லையென்றால் கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று இனிப்பாகச் சொல்லப் போகிறார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"நிழல்ல நல்லாத் தெரியுதுல்ல?" என்றார் அவர்.

"தெரியுது. ஆனா ஷெட்டுல பாத்தா பிரயோஜனம் இல்ல. வானத்து வெளிச்சம்தான் வேணும்."

அவர் கையைப் பிசைந்தார். வானத்து வெளிச்சமும் வேண்டும், வெயிலும் கண்ணில் படக்கூடாது என்றால் என்ன செய்வது? துப்பாக்கி அங்கே நிற்பதே அதுவரை யாருக்கும் தெரியவில்லை. ஆபீஸ் மூலையில் சாத்தியிருந்த முதலாளியின் பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு அவன் வெளியே போனான். அவளுக்காகவே அன்றிலிருந்து காத்து நின்ற சாம்பல் காரின் பக்கத்தில் போய் அதை விரித்துப் பிடித்தான்.

"வாங்க மகாராணி. இதுவும் நிழல்தானே? சுத்தி வர்றது வானம்தானே?"

கலர்க் குடையாக இருந்திருந்தால் அதன் நிறம் காரின் மேல் விழுந்திருக்கும். கறுப்பு எதையும் பூசாது. அவள் தொப்பியோடு, பழைய அட்டையையும் எடுத்துக்கொண்டு குடைக்குள் நுழைந்தாள். கொஞ்சம் பொறுத்தாள். பாலாடை விலகியது. அட்டையின் விளிம்பு, மெல்லிய பென்சில் கோடு போல, காரின் மேல் தெரிந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கரையாத ஒரு விளிம்பு. "மஞ்சளைக் கொறைக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

ஆனாலும் முழு வெயிலில் கடைசியாக ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். அதற்குத் துப்பாக்கியின் கண்தான். அவனுக்குக் கண் உண்டு, வார்த்தை இல்லை. முதல்நாள், நிறம் கொஞ்சம் சோம்பேறியாக இருக்கிறது என்றான். இன்னொரு அட்டைக்கு, இது கோபித்துக்கொண்டு போன மாதிரி இருக்கிறது என்றான். சோம்பேறித்தனத்துக்கு எத்தனை சொட்டு கறுப்பு விடுவது? அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"தம்பி, சொந்தக்காரங்கள வச்சுச் சொல்லு. இந்த அட்டை அந்தக் காருக்கு என்ன முறை?"

துப்பாக்கி அட்டையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சித்தப்பா பையன்."

"அப்பா வழி ஜாடை இருக்கு, அப்படித்தானே? எங்க இடிக்குது?"

"முகம் சரிக்கா. சாஞ்சு பாத்தா மூக்கு பச்சையா இருக்கு."

அவள் உள்ளே போய் ஒரு துளி சிவப்பு விட்டாள். அடுத்த அட்டை கூடப்பிறந்தவன். அதற்கடுத்தது இரட்டைப் பிள்ளை. அன்றிலிருந்து பட்டறையின் அளவுகோல் இதுதான். தூரத்துச் சொந்தம் என்றால் முழுக்க மறுபடி கலக்க வேண்டும். ஒன்றுவிட்ட தம்பி என்றால் இரண்டு சொட்டில் முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரன் என்று சொன்னால் அவள் அட்டையை அவன் மேலேயே வீசுவாள். டிரைவிங் ஸ்கூல் மேடம் ரோட்டில் நிறுத்திக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நேராகப் பார்த்தார், சாய்ந்து பார்த்தார். எந்தக் கதவு என்று கடைசியில் அவரே கேட்க வேண்டியதாயிற்று.

கண் டாக்டரிடம் அடுத்த முறை போனபோது வலது கண்ணில் அழுத்தம் இறங்கியிருந்தது. இடது பிடிவாதமாக நின்றது. இன்னொரு சொட்டு மருந்து சேர்த்தார். கணவருக்கு வேலை இரட்டிப்பானது, சட்டமும் இரட்டிப்பானது. பேசாமல் கிடந்த அந்த நேரங்களில் அவள் மனதுக்குள் நிறம் கலந்துகொண்டிருந்தாள். அதற்கும் அடுத்த முறை இடதும் இறங்கிவிட்டது. டாக்டர் அளவை இருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சொட்டு மருந்தை மட்டும் எந்தக் காலத்திலும் தானாக நிறுத்தக்கூடாது என்றார். நிறுத்துகிற ஆசையெல்லாம் தீர்ந்துவிட்டது என்றாள் அவள். கிட்னி டாக்டரிடம் தானே பேசுவதாகவும், அவர் சம்மதித்தால் நாள் குறித்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்றும் சொல்லி அனுப்பினார். முதலில் வலது கண். அது ஆறிய பிறகு இடது.

மறுநாள் பட்டறையில் அடர் சிவப்பு வேன் ஒன்று நின்றது. வெயிலில் கிடந்து ஒரு பக்கம் மட்டும் வெளிறிப் போன, எதற்கும் அடங்காத சிவப்பு. பக்கத்தில் கம்பில் கட்டிவைத்திருந்த குடைக்குள் பார்த்து ஒரு மாதிரி சமாதானமாகி, அட்டையைத் துப்பாக்கியிடம் நீட்டினாள். அவன் வெயிலுக்கு நடந்தான். கண்ணைச் சுருக்கினான்.

"கூடப்பிறந்தவன்தான். ஆனா சண்டை போட்டுட்டுப் பேசாம இருக்கான்."

"எந்தப் பக்கம் பேசல?"

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளே அலமாரியில், டப்பாக்களுக்கு நடுவே, அவள் போன் அதிர்ந்தபடி அடித்தது. அடித்த வேகத்தில் பக்கத்திலிருந்த கலக்கும் குச்சி உருண்டு கீழே விழுந்தது. முதலாளி ஆபீஸிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நான் எடுத்து யாருன்னு பாக்கட்டுமா அக்கா?" என்றான் துப்பாக்கி.

"வேணாம். நானே எடுக்கறேன்."

விரல்களில் ஈரச் சிவப்பு. பழைய துணியில் தின்னரை ஊற்றி ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே குடைக்கு வெளியே வந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. வேனும் வாசலும் முதலாளியும் ஒரே வெள்ளையாகிப் போனார்கள். நடந்து பழகிய வழி, தடுமாறவில்லை. கூரைக்குள் வந்ததும் நின்றாள். வெள்ளை வடியத் தொடங்கியது. முதலில் அலமாரி தெரிந்தது, பிறகு டப்பாக்களின் மேல் வழிந்து காய்ந்திருந்த நிறங்கள் ஒவ்வொன்றாக. போனின் திரையில் எழுத்து இருந்தது, அது ஆஸ்பத்திரியா அண்ணியா என்று இன்னும் கூடிவரவில்லை. அவள் அதைக் கையில் எடுத்து, கண் நிதானத்துக்கு வரட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கையில் அது விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.